சுருதி ஏன் ஏறியது?

கையில் வைத்து ஆடும் மின்னணு விளையாட்டுப் பெட்டி ஒன்றில் ஒரு மெட்டு ஒலிக்கிறது. அதே விளையாட்டை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடுகிறீர்கள். மெட்டு அதேதான், ஆனால் சுருதி கொஞ்சம் மேலேறி ஒலிக்கிறது. இது காதின் பிரமையா, பெட்டியின் கோளாறா, அல்லது இதற்குப் பௌதிகக் காரணம் ஏதேனும் உண்டா?

மாணவ நண்பர்களே, இக்கேள்வியை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. கூடலூரில் சென்ற ஆண்டு ஆடி மாத மழையில் நனைந்துகொண்டே என் வீட்டுக்கு வந்த பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டது. அவன் புல்லாங்குழல் பயில்பவன். அவனுடைய சித்தப்பா வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது பழைய விளையாட்டுச் சாமான்கள் சிலவற்றைக் கொண்டுவந்திருந்தார். நிண்டெண்டோ நிறுவனத்தின் 'கேம் பாய்' என்ற கைப்பெட்டி, அதே நிறுவனத்தின் 'சூப்பர் நிண்டெண்டோ' என்ற வீட்டுப் பெட்டி, இவ்விரண்டையும் இணைக்கும் 'சூப்பர் கேம் பாய்' என்ற இடைக் கருவி, கூடவே 'டெட்ரிஸ்' முதலான சில கேசட்டுகள். (உள்ளே நாடா எதுவும் கிடையாது, இருப்பவை நினைவகச் சில்லுகளே. ஆனாலும் நம் ஊரில் இவற்றுக்குக் கேசட் என்றே பெயர்.)

தொலைக்காட்சியில் ஆடும்போது டெட்ரிஸ் மெட்டு தன் குழலோடு ஒத்துவரவில்லை, கைப்பெட்டியில் ஆடும்போது ஒத்துவருகிறது என்றான் அவன். "இடைக் கருவி போலிச் சரக்கு, சித்தப்பாவை யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்" என்று அவன் அண்ணன் தீர்ப்புச் சொல்லியாயிற்று. அதுவரை பெருமையுடன் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த சித்தப்பா அன்றிலிருந்து அந்தப் பெட்டியைத் தொடுவதில்லையாம். "நிஜமாகவே போலியா சார்?" என்றான்.

நான் அவசரப்பட்டு விடை சொன்னேன். "தம்பி, குழலில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரியில் விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். 20 டிகிரியில் 343 மீட்டர். ஆகவே குளிரில் குழலின் அதிர்வெண் 1.7 சதவீதம் வரை இறங்கிவிடும். இந்த மழைக் குளிரில் உன் குழல் இறங்கியிருக்கிறது, தொலைக்காட்சி ஏறவில்லை" என்றேன். கணக்குச் சரிதான். பையனும் தலையாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் மாலை மீண்டும் வந்தான். "சார், குழலைக் கால்மணி நேரம் ஊதிச் சூடேற்றிவிட்டு இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். கைப்பெட்டியோடு சேர்கிறது. தொலைக்காட்சியோடு சேரவில்லை. குழல் ஒன்றுதானே சார்?" என்றான். நியாயமான கேள்வி. இரண்டு பெட்டிகளையும் ஒரே குழலோடு ஒப்பிடும்போது குழலின் பிழை இரண்டு பக்கமும் சமமாகவே சேரும். வித்தியாசம் பெட்டிகளுக்குள்தான் இருக்கவேண்டும். இருபது ஆண்டுகள் சோதனைக்கூடத்தில் நின்ற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

ஆகவே அவன் வீட்டுக்கே போனேன். முதலில் நாங்கள் செய்த சோதனையைச் சொல்கிறேன். கருவியின் உள் விவரம் பிறகு.

சுருதி ஏறுவதற்கு இரண்டு வகையான காரணங்கள் இருக்கலாம். ஒலியை உண்டாக்கும் பகுதியில் மட்டும் மாற்றம் இருந்தால் சுருதி மாறும். பாட்டின் நடை மாறாது. குழல் குளிர்ந்தால் நடப்பது இதுதான். ஊதுபவன் தாளத்தை விடுவதில்லை. மாறாக, பெட்டியின் கடிகாரமே வேகமாக ஓடினால் சுருதியும் நடையும் ஒரே விகிதத்தில் மாறும். ஆகவே சுருதியை விட்டுவிட்டு நேரத்தை அளந்தோம்.

ஊசல் சோதனையில் ஒரே அலைவை அளக்காமல் 20 அலைவுகளை அளக்கச் சொல்வார்கள் அல்லவா? நிறுத்து கடிகாரத்தை அழுத்தும்போது கை செய்யும் பிழை கால் விநாடி அளவு இருக்கும்; அளக்கும் நேரம் நீண்டால் அந்தப் பிழையின் பங்கு குறையும். அதேபோல மெட்டு பல சுற்றுகள் திரும்பி வரும்வரை அளந்தோம். கைப்பெட்டியில் 200 விநாடி பிடித்த சுற்றுகள் தொலைக்காட்சியில் 197 விநாடியில் முடிந்தன. மூன்று முறை அளந்தோம். மூன்று முறையும் அதே மூன்று விநாடி. கையின் பிழை அவ்வளவு இராது.

பிறகு கைப்பெட்டியின் மெட்டைக் கைப்பேசியில் பதிவு செய்து, தொலைக்காட்சியோடு ஒரே நேரத்தில் தொடங்கி ஒலிக்கவிட்டோம். முதலில் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. சற்று நேரத்தில் எதிரொலிபோல ஒன்றை ஒன்று தொடர்ந்தன. ஒரு நிமிடம் ஆவதற்குள் தொலைக்காட்சி ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாக முந்திச் சென்றுவிட்டது. அண்ணன் அதுவரை கதவருகே கைகட்டி நின்றவர், உள்ளே வந்து உட்கார்ந்தார்.

ஆகவே பெட்டியின் கடிகாரம்தான் வேகமாக ஓடுகிறது. ஏன் ஓடுகிறது?

கேம் பாய் 1989-இல் ஜப்பானில் வெளிவந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யொகோய். பச்சை சாய்ந்த திரையில் குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகள்; வெளிர் நிறத்திலிருந்து கருமை வரை நான்கே சாயல்கள்; நான்கு சிறிய மின்கலங்கள். அக்காலத்திலேயே வண்ணத் திரையுடன் வேறு கைப்பெட்டிகள் வந்தன என்றாலும் அவை மின்கலங்களை விழுங்கித் தள்ளின. எளிய திரையும் நீண்ட நேர ஆட்டமும் போதும் என்ற அந்த முடிவை நான் எப்போதும் பாராட்டுவேன்.

இந்தக் கைப்பெட்டியின் நாடித்துடிப்பு ஒரு குவார்ட்ஸ் படிகம். அதிர்வெண் விநாடிக்கு 41,94,304. ஏன் இப்படி ஓர் எண்? 2-ஐ 22 முறை பெருக்கிப் பாருங்கள், இதே எண் வரும். உங்கள் கைக்கடிகாரத்தில் உள்ள படிகம் 32,768 முறை அதிர்கிறது; அது 2-ஐ 15 முறை பெருக்கிய எண். மின்சுற்றுக்கு இரண்டால் வகுப்பது மிக எளிது என்பதால் இத்தகைய எண்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பெட்டியில் நடக்கும் எல்லாமே இந்தத் துடிப்பை எண்ணியே நடக்கின்றன. ஒலியும் அப்படித்தான். துடிப்பை 32-ஆல் வகுத்தால் 1,31,072. அதை மீண்டும் ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் ஒவ்வொரு சுரமும் பிறக்கிறது. 298-ஆல் வகுத்தால் 439.8 ஹெர்ட்ஸ். இசைக்கருவிகளைச் சுருதி கூட்டப் பயன்படும் 440-க்கு மிக அருகில் வந்துவிட்டது. விளையாட்டை எழுதியவர் கேசட்டில் பதித்து வைப்பது 298 என்ற எண்ணுக்குரிய குறிப்பைத்தான். 440 என்பதை அல்ல. துடிப்பு மாறினால் சுரமும் மாறிவிடும். கேசட்டுக்கு இது தெரியவே தெரியாது.

இனி, கைப்பெட்டியின் படத்தை ஏன் நேராகத் தொலைக்காட்சிக்கு அனுப்ப முடியாது என்று பார்ப்போம். பழைய குமிழ்த்திரைத் தொலைக்காட்சியில் எலெக்ட்ரான் கற்றை ஒளிர்பூச்சின்மேல் இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடுகிறது. இந்தியா பின்பற்றிய 'பால்' முறையில் விநாடிக்கு 15,625 வரிகள்; ஒரு வரிக்கு 64 மைக்ரோ விநாடி. கற்றை எவருக்காகவும் காத்திருக்காது. கேம் பாயோ ஒரு வரிக்கு 456 துடிப்புகள், அதாவது ஏறக்குறைய 109 மைக்ரோ விநாடி எடுத்துக்கொள்கிறது. இரண்டும் எப்படி ஒட்டும்?

நம் ஊர்த் தேயிலைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். கொழுந்து பறிப்பவர்கள் தங்கள் வேகத்தில் பறிக்கிறார்கள். தொழிற்சாலை லாரி தன் நேரத்துக்கு வந்து போகிறது. பறிக்கும் கையிலிருந்து நேராக லாரிக்குள் போடவேண்டும் என்றால் இருவரில் ஒருவர் எப்போதும் நிற்கவேண்டியதுதான். நடுவில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை இருப்பதால் தொல்லையில்லை. சூப்பர் கேம் பாய் கருவியிலும் இத்தகைய கொட்டகை ஒன்று உண்டு. கைப்பெட்டிச் சில்லு வரைந்துதரும் வரிகளை அது சிறிய நினைவகம் ஒன்றில் சேர்க்க, வீட்டுப் பெட்டி அவற்றைத் தன் வேகத்தில் அள்ளிச் சென்று தன்னுடைய 256-க்கு 224 புள்ளிப் படத்தின் நடுவில் வைக்கிறது. மீதி இடத்தைச் சித்திரச் சட்டம் ஒன்றால் நிரப்புகிறது.

1994-இல் வெளிவந்த இக்கருவியைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு முழுக் கேம் பாய். திரையும் பொத்தான்களும் மின்கலமும்தான் இல்லை. வீட்டுப் பெட்டியின் மையச் சில்லு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கைப்பெட்டிக்கு எழுதிய கட்டளைகள் அதற்குப் புரியா. மலையாளம் மட்டும் தெரிந்தவரிடம் தமிழ்க் கடிதத்தைக் கொடுத்தது போலத்தான். மொழிபெயர்க்கும் வேகம் அன்றைய வீட்டுப் பெட்டிக்கு இல்லை. ஆகவே தமிழ் தெரிந்த ஆளையே கருவிக்குள் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த ஆளுக்குத் தனிக் கடிகாரம் கொடுக்கவில்லை! விஷயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கருவிக்குள் படிகம் கிடையாது. வீட்டுப் பெட்டியின் கடிகாரத் துடிப்பையே வாங்கி, அதை 5-ஆல் வகுத்துச் சில்லுக்குக் கொடுக்கிறது. 'பால்' முறைக்கான வீட்டுப் பெட்டியின் துடிப்பு விநாடிக்கு 2,12,81,370. ஐந்தால் வகுத்தால் 42,56,274. தேவைப்பட்டதோ 41,94,304. எளிய எண்ணி மின்சுற்று முழு எண்களால் மட்டுமே வகுக்கும், 5.07-ஆல் வகுக்கச் சொன்னால் அதற்குத் தெரியாது. ஆறால் வகுத்தால் ஆட்டம் ஆமை வேகமாகிவிடும். ஆகவே ஐந்து. ஒரு படிகத்தின் செலவு மிச்சம்; வேகம் 1.48 சதவீதம் அதிகம்.

நம் 200 விநாடியை 1.0148-ஆல் வகுத்துப் பாருங்கள்: 197.1. நிறுத்து கடிகாரம் காட்டியதும் அதுவே. 439.8 ஹெர்ட்ஸாக இருக்கவேண்டிய சுரம் தொலைக்காட்சியில் 446.3 ஆகிறது. இரண்டு சுரங்களையும் ஒன்றாக நீட்டி ஒலித்தால் விநாடிக்கு ஆறு அல்லது ஏழு விம்மல்கள் கேட்கும்.

இசைக் கணக்கில் இது எவ்வளவு? ஒரு அரைச் சுரத்தை நூறு சென்ட்டாகப் பிரிப்பது வழக்கம். (கூடலூரில் சென்ட் என்றால் எல்லோருக்கும் நிலக்கணக்குத்தான் நினைவுக்கு வரும். இது வேறு.) அரைச் சுரம் ஏறினால் அதிர்வெண் ஏறக்குறைய 6 சதவீதம் கூடுகிறது. 1.48 சதவீதம் என்பது அதில் கால் பங்கு, 25 சென்ட். ஷட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்குப் போகும் தூரத்தில் நான்கில் ஒரு பங்கு. தனியாகக் கேட்டால் பலர் கவனிக்கமாட்டார்கள். குழலைச் சேர்த்து ஊதுபவன் கவனிக்காமல் இருக்கமாட்டான். 10 டிகிரி குளிர்ச்சி குழலை இறக்கும் அளவும் கிட்டத்தட்ட இதுவே என்பதால்தான் முதல் நாள் என் தவறான விடை அவ்வளவு பொருத்தமாகத் தோன்றியது. எண் பொருந்திவிட்டது என்பதற்காக நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

2,12,81,370 என்ற எண் மட்டும் எங்கிருந்து வந்தது என்று பையன் கேட்டான். அதுவும் சுவையான கதைதான். 'பால்' வண்ணத் தொலைக்காட்சி முறையை ஜெர்மனியில் டெலிபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புருக் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அதில் வண்ணச் செய்தியை ஏந்திச் செல்லும் துணை அலையின் அதிர்வெண் 44,33,618.75 ஹெர்ட்ஸ். வரிகளின் எண்ணிக்கையான 15,625-ஐ 283.75-ஆல் பெருக்கி 25-ஐக் கூட்டினால் இந்த எண் வரும். வண்ண அலை கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் புள்ளிக் கோலமிட்டுக் கண்ணை உறுத்தாதிருக்கவே இவ்வளவு நுணுக்கமான எண். வீட்டு விளையாட்டுப் பெட்டியும் தொலைக்காட்சிக்கு வண்ணம் அனுப்பியாக வேண்டுமே! ஆகவே அதன் துடிப்பை இந்தத் துணை அலையோடு இணைத்துவிட்டார்கள். 4.8 மடங்கு. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 1982-இல் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியபோது நாமும் 'பால்' முறையையே ஏற்றோம். கூடலூரில் ஒரு பையனின் குழல் சேராமல் போனதற்கான காரணத்தைத் தேடிப் போனால் ஜெர்மன் பொறியாளர் ஒருவரின் மேசையில் போய் நிற்கிறோம்.

சுருதியைத் தவிர வேறு வித்தியாசங்களும் உண்டு. கைப்பெட்டி விநாடிக்கு 59.7 படங்கள் வரைகிறது. கருவிக்குள் வேகம் கூடி 60.6 ஆகிறது. 'பால்' தொலைக்காட்சி காட்டுவதோ 50. ஆகவே விநாடிக்குப் பத்துப் படங்களுக்கு மேல் திரைக்கு வராமலே போகின்றன. வேகமாக நகரும் உருவங்கள் சற்றுத் தத்தித் தத்திச் செல்வது அதனால்தான்.

இன்னொன்று. கேம் பாயின் திரவப் படிகத் திரை மிகவும் மந்தமானது. ஒரு புள்ளி கறுப்பிலிருந்து வெளுப்புக்கு மாறச் சில படங்களின் நேரம் பிடிக்கும். நகரும் உருவத்தின் பின்னால் நிழல்போல் ஒரு வால் தெரியும். இந்தக் குறையையே சில விளையாட்டு ஆசிரியர்கள் பயனாக்கிக்கொண்டார்கள். ஓர் உருவத்தை ஒரு படத்தில் காட்டி அடுத்த படத்தில் மறைத்து, மீண்டும் காட்டி மறைத்தால், மந்தமான திரையில் அது கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். ஒளிர்பூச்சு அப்படி மந்தமானதல்ல. தொலைக்காட்சியில் அதே உருவம் படபடவென்று துடிக்கும். அதைப் பார்த்துக் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு.

வண்ணம் வருவதும் ஒரு தந்திரமே. நான்கு சாயல்களுக்குப் பதில் நான்கு வண்ணங்களைக் கருவி இட்டுவிடுகிறது. ஆனால் 1994-இல் வந்த 'டாங்கி காங்' போன்ற சில கேசட்டுகள் தங்களுக்கென்று தனி வண்ணங்களையும் சட்டத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்பது எப்படி? கைப்பெட்டிச் சில்லில் அதற்கென்று ஒரு வழியும் இல்லையே! பொத்தான்களை அழுத்தியிருக்கிறதா என்று விசாரிக்கும் இரண்டு கம்பிகள் உண்டு. அந்தக் கம்பிகளில் தந்தி அடிப்பதுபோல ஒவ்வொரு துடிப்பாக 16 பைட் செய்தியை அனுப்பினார்கள். கைப்பெட்டிக்குள் அதே கேசட்டைப் போட்டால் இந்தத் தந்தியைக் கேட்க ஆளில்லை. ஆட்டம் பேசாமல் நடக்கும். இதைப் படித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

1998-இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்த 'சூப்பர் கேம் பாய் 2' கருவிக்குள் தனிப் படிகம் வைத்துவிட்டார்கள். சுருதி சரியாயிற்று. 2003-இல் வந்த 'கேம் பாய் பிளேயர்' அடுத்த தலைமுறைக் கைப்பெட்டியின் சில்லைச் சுமந்து இன்னொரு வீட்டுப் பெட்டியின் அடியில் உட்கார்ந்தது. 2017-இல் வந்த 'ஸ்விட்ச்' கைப்பெட்டியோ தாங்கியில் செருகியதும் நேராகத் தொலைக்காட்சியில் படம் காட்டுகிறது. இடையில் இன்னொரு ஆள் வேண்டியதில்லை. இன்று உங்கள் கைப்பேசியிலுள்ள செயலிகளுக்குப் பழைய கட்டளைகளை மொழிபெயர்க்கும் வேகம் தாராளமாக இருக்கிறது. அவற்றிலும் சில, விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரைக்கு ஏற்றவாறு 59.73 படங்களை 60 ஆக்கிவிடுகின்றன. வேகம் கூடுவது அரை சதவீதத்துக்கும் குறைவு. குழலுக்கு எட்டு சென்ட். இதைக் கண்டுபிடிக்க நல்ல காது வேண்டும்.

அன்று மாலை கணக்கு முடிந்ததும் பையன் தாளை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனான். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு 1.48 என்ற எண்ணை இரண்டு முறை பார்த்தார். போலிக் கருவியாயிருந்தால் விடை இவ்வளவு துல்லியமாக வந்திருக்காது என்று நான் சொன்னேன். "அந்தக் கடைக்காரன் அப்படிப்பட்டவன் இல்லை என்று நான் அப்போதே சொன்னேனே" என்றார் அவர், அண்ணனைப் பார்த்து. பிறகு கம்பிகளைத் தாமே செருகத் தொடங்கினார்.

அமெரிக்காவில் விற்ற வீட்டுப் பெட்டியின் துடிப்பு விநாடிக்கு 2,14,77,270. அங்கும் இதே கருவி, இதே ஐந்து. அந்த நாட்டில் 298 என்ற எண் எந்தச் சுரமாக ஒலித்திருக்கும், கூடலூர்த் தொலைக்காட்சியின் சுரத்தோடு சேர்த்து நீட்டினால் விநாடிக்கு எத்தனை விம்மல்கள் கேட்கும் என்று நீங்கள் கணக்கிடுங்கள். முதல் விடை 450 ஹெர்ட்ஸைச் சற்றே தாண்டும். இரண்டாவது ஐந்துக்குள் அடங்கும்.